தும்பி ஏர்வேஸும் முனியம்மா வீட்டு மாடியும்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் பானுப்பிரியாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆளைப் பார்த்தாலே அவளுக்கு எடை தெரிந்துவிடும், ஆனால் கழுத்தில் கத்தி வைத்தாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள் என்பார்கள். இப்போது அவள் நசரத்பேட்டைப் பக்கம், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கிடங்கில், பார்சல்களை எடை போட்டு அனுப்புகிற வேலையில் இருக்கிறாள். பார்சலுக்கு ரோஷம் கிடையாது. எடையை உரக்கவே படிக்கலாம். அதற்கு முன்னால் அவள் எடை போட்டதெல்லாம் மனுஷர்களை. அதுவும் திருப்பதிக்குப் பறக்க வந்த மனுஷர்களை.

தும்பி ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனி இருந்தது. பிறந்து, தவழ்ந்து, எழுந்து நிற்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதால் பலருக்கு அதன் ஞாபகமே இல்லை. ஆரம்பித்தவர் பூந்தமல்லி கார்த்திகேசன். தலைமுறையாக பஸ் ஓட்டுகிற குடும்பம். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடலாம் என்ற பேச்சு காற்றில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் மனுஷர் பாதி பஸ்களை விற்றார், பத்தொன்பது பேர் உட்காரும் விமானங்கள் இரண்டை வாடகைக்கு எடுத்தார், வாலில் ஒரு தும்பியை வரைந்தார், சென்னையிலிருந்து திருப்பதிக்கும் கடப்பாவுக்கும் விட்டார். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். கார்த்திகேசனின் ஆசை கணக்கும் அறியாதது.

பானு அப்போதுதான் பி.காம். முடித்திருந்தாள். நேர்முகத் தேர்வு பூந்தமல்லியில், பஸ் டிக்கெட் பதியும் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. கார்த்திகேசன் அவளிடம் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நம்ம விமானம் சின்னது, ஏறுகிற ஒவ்வொருவரையும் மூட்டையோடு நிறுத்தி எடை பார்த்து, யார் முன்னால் யார் பின்னால் என்று பிரித்து உட்கார வைக்க வேண்டும், நகை நட்டோடு வருகிற அம்மாக்களை மெஷின் மேல் ஏற்றி எடை சொன்னால் சண்டைக்கு வருவார்களே, எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார். "சொன்னாத்தானே சார் சண்டை, நான் சொல்லவே மாட்டேன்" என்றாள் பானு. அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

சொன்னபடியே செய்தாள். எடை காட்டுகிற பெட்டியை ஆட்கள் பக்கமிருந்து தன் பக்கம் திருப்பி வைத்தாள். யார் ஏறினாலும் முகத்தை மாற்றாமல் எண்ணைக் குறித்துக்கொண்டு, "ஆச்சும்மா, ஜன்னலோரம்" என்பாள். தடித்தவர், மெலிந்தவர் எல்லாருக்கும் அதே குரல். ஒரு நாளும் ஒரு எண் அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. அதனாலேயே பல அம்மாக்கள் திரும்பி வரும்போது அவளைத் தேடி லட்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். போகும்போது முடியோடு போனவர்கள் மொட்டையோடு வந்தாலும் எடை மட்டும் ஏறித்தான் இருக்கும். லட்டு அப்படி.

முதல் விமானம் கிளம்பிய அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தே ஆக வேண்டும் என்று கார்த்திகேசன் ஒற்றைக்காலில் நின்றார். விமான நிலையத்தில் ஓடுபாதைப் பக்கம் ஒரு காகிதத் துண்டு கிடந்தாலே ஆகாது, பூசணிக்காய் உடைக்கவா விடுவார்கள்? கடைசியில் கார் நிறுத்துமிடத்தில், விமானம் இருக்கும் திசையைப் பார்த்துப் பூசணிக்காயை உடைத்தார்கள். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. புறப்பாட்டு வாசலில் நின்று பழக்க தோஷத்தில் "திருப்பதி, திருப்பதி" என்று கூவியே விட்டார்.

அந்த விமானத்தின் கேப்டன் எழில், ஆவடிப் பெண். அப்பா டாங்கி ஃபாக்டரியில் வேலைக்காகத் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால் அவளுக்குத் தென்காசிப் பேச்சும் வரும், ஆவடிப் பேச்சும் வரும். அவள்தான் ஒரு நாள் பானுவிடம், காற்று கடலிலிருந்து அடிக்கிற நாளில் கடல் பக்கம் ஏறி, இடப்பக்கம் திரும்பி, அம்பத்தூருக்கு மேலாகத்தான் போகிறோம் என்று சொன்னாள். பானு அதை வீட்டுக்கு வந்து தன் அம்மாவிடம் சொன்னாள். வினை அங்கே ஆரம்பித்தது.

பானுவின் அம்மா முனியம்மா. சின்ன வயசில் மேனாம்பேட்டில் நாற்று நட்டவள். வயல் போய் கம்பெனிகள் வந்தபோது அவளும் கூடவே கம்பெனிக்குள் போனாள்; அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு கழுவி, டப்பாவில் அடைத்து, முப்பது வருஷம் உழைத்தாள். அந்தக் காசில்தான் கள்ளிக்குப்பத்தில் வீடு. கொத்தனாருக்குச் சித்தாளாகத் தானே செங்கல் சுமந்து, தளம் போட்ட அன்று கலவைச் சட்டியும் தூக்கியிருக்கிறாள். ஆனால் தெரு அவ்வளவு குறுகல். வாசலில் நின்றால் கதவு தெரியும், எதிர்ச்சாரியில் ஒட்டி நின்றால் ஜன்னல் வரை தெரியும், அதற்குமேல் பின்னால் போக இடமில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் தண்ணீர்த் தொட்டி மறைத்தது.

அதனால் பானு சொன்னதைக் கேட்டதும் முனியம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் கட்ன ஊட்ட நானே முழுசா பாத்தது இல்லடி. மேலருந்து பாத்தா தெரியுமா?"

கலராக எதையாவது மாடியில் விரித்தால் தெரியும் என்று எழில் சொல்லி அனுப்பினாள். கலருக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டாம். அந்தத் தெருவில் பெண்கள் எல்லோரும் அம்மன் மன்றத்துக்காரர்கள், ஆளுக்கொரு சிவப்புப் புடவை உண்டு. முனியம்மாவிடம் இருந்த ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்தாள்.

தும்பியில் வேலை செய்கிறவர்களின் அப்பா அம்மாவுக்கு இலவசப் பாஸ் உண்டு. ஆனால் சீட்டு காலியாக இருக்க வேண்டும், எடையும் இடம் கொடுக்க வேண்டும். முனியம்மாவின் கணவர் துலுக்கானத்துக்கு இதெல்லாம் கூத்தாகத் தெரிந்தது. எஸ்டேட் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாக இருப்பவர், நியாயமாகவே பேசுவார். நீ ட்ரெயின் பிடித்து மீனம்பாக்கம் போய், அங்கே மணிக்கணக்காக உட்கார்ந்து, அப்புறம் பறப்பதற்குள், அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறினவன் திருத்தணியில் காப்பி குடித்துக்கொண்டிருப்பான் என்றார். உண்மைதான். தும்பி ஏர்வேஸ் நொடித்துப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எந்த ஆடிட்டரும் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் பெண்டாட்டி கிளம்பிய அன்று லீவு போட்டு, மாடியில் புடவையை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக் காவலுக்கு நின்றவர் அவர்தான்.

அன்றைக்கு என்ன ஆனது என்றால், கடப்பாவில் கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம் சீர்வரிசையோடு வந்து சேர்ந்தது. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூட்டை எல்லாம் மெஷின் மேல் ஏறின. கடைசியில் முனியம்மா ஏறி நின்றாள். வாக்கி-டாக்கியில் எழில் அவசரமாக மொத்த எடை கேட்டாள். கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. பானுவுக்குப் பதற்றம். அத்தனை நாள் காத்த வாய் அந்த நொடியில் தவறிவிட்டது. "எங்கம்மா எண்பத்தி நாலு கேப்டன், ஏத்த முடியாது" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டாள்.

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முனியம்மா மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். விமானம் அவள் இல்லாமல் கள்ளிக்குப்பத்துக்கு மேலே பறந்தது. தெருவே மாடியேறி நின்று அதற்குக் கையாட்டியது. பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் கண்ணீர்கூட விட்டாளாம். கொஞ்ச நேரம் கழித்து முனியம்மா பையோடு தெருமுனையில் நடந்து வந்தபோது யாருக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. வெயிட் ஜாஸ்தி என்று இறக்கிவிட்டார்கள் என்று அவளே சொன்னாள். இறக்கியது யார் என்று சொல்லவில்லை.

ஊரார் எடையையெல்லாம் வயிற்றுக்குள் பூட்டி வைத்த பானு, பெற்றவளின் எடையைப் போய்ச் சபையில் போட்டு உடைத்துவிட்டாள். அது அவளை அரித்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் முனியம்மா பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்ப்பாள். அன்றிலிருந்து ராத்திரிச் சோற்றையும் விட்டுவிட்டாள். கேட்டால் வாயு என்பாள், அம்மனுக்கு விரதம் என்பாள். வீட்டில் வடித்த சோறு மிஞ்சிக்கொண்டே வந்தது.

அங்கே தும்பியும் இளைத்துக்கொண்டு வந்தது. இரண்டு விமானத்தில் ஒன்று பழுதாகி நின்றது. அதிலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள். கடப்பாவை விட்டார்கள். பெட்ரோல் கொடுக்கிறவர்கள் முகம் சுளித்தார்கள். கார்த்திகேசன் மிச்ச பஸ்களையும் விற்றார். ஒரு நாள் காலை பானு வேலைக்குப் போனபோது கவுண்டரில் அவரே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஒரு தடவை போவதோடு சரி, திருப்பதியில் ஆட்களை இறக்கிவிட்டு விமானம் அப்படியே ஹைதராபாத்தில் அதன் சொந்தக்காரரிடம் போய்விடும் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பானு ஓரமாகப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். "இன்னைக்கு உட்டா இனிமே கெடையாதும்மா. ஒடனே கெளம்பு" என்றாள். போன் கட்டிலின் மேல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முனியம்மா எப்படிக் கிளம்பினாள் என்பதைத் தெரு இன்றைக்கும் நடித்துக் காட்டும். துலுக்கானம் டியூட்டிக்குப் போயிருந்தார். குளித்தும் குளிக்காததுமாக, கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் பாய்ந்தாள். தெருமுனை திரும்பும்போது தலையை வெளியே நீட்டி, மாடியில் சிவப்புப் புடவையை விரித்துவிடச் சொல்லி வேம்புலியம்மாளிடம் கத்தினாள். ஆட்டோ போய்விட்டது.

மீனம்பாக்கத்தில் மொத்தப் பயணிகள் ஐந்து பேர். முனியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படியில் ஏறுகிற மாதிரி மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினாள். பானு பெட்டியைப் பார்த்தாள். எழுபத்தி ஒன்று. ஒரு நிமிஷம் அவளால் எழுத முடியவில்லை. விரதமும் வாயுவும் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. இந்த மனுஷி ஒரு சீட்டுக்காக மாசக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறாள், நாம் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். ஆனால் குரலை மாற்றாமல், "ஆச்சும்மா, ஜன்னலோரம்" என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கு விமானத்துக்கு எடை போதவில்லை. ஆள் ரொம்பக் குறைந்தாலும் அந்த ரகத்துக்கு ஆகாது, பின்பக்கம் பாரம் வேண்டும். எழில் வந்து பார்த்தாள். மணல் மூட்டை ஏற்றச் சொல்லலாம், அல்லது பானுவே ஏறிவிடலாம், இனிமேல் கவுண்டரில் அவளுக்கு என்ன வேலை என்றாள். கார்த்திகேசன் தலையாட்டினார். அத்தனை பேரை ஏற்றி அனுப்பிய பானு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் படியில் கால் வைத்தாள். பின்னால் வாசலில் கார்த்திகேசனின் குரல் கேட்டது. யாருமில்லாத இடத்தைப் பார்த்து, மெதுவாக, "திருப்பதி, திருப்பதி" என்று ஒரு தடவை கூவினார்.

விமானம் ஏறியது. கடல் சாய்ந்து வந்தது, நிமிர்ந்து போனது. முனியம்மா பயப்படவே இல்லை. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பானு அம்மாவைச் சரியாகப் பார்த்தாள்.

"அம்மா, நீ கட்டிகினு கீறது இன்னா பொடவ?"

முனியம்மா குனிந்து தன் மடியைப் பார்த்தாள். சிவப்பு. மாடியில் விரிக்க வேண்டிய அதே சிவப்பு. கை தானாக இடுப்புக்குப் போனது. வீட்டுச் சாவி, மாடிக் கம்பிக்கதவுச் சாவி, இரண்டும் அங்கேதான் இருந்தன. வேம்புலியம்மாள் தலைகீழாக நின்றாலும் அந்த மாடியில் ஒரு கைக்குட்டைகூட விரிக்க முடியாது.

அவள் அழவில்லை. பானுவுக்குத்தான் அழுகை வந்தது. இதற்கா இந்தப் பட்டினி, கடைசி நாளும் போயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. முனியம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, போவுட்டும், ஏரியாவது தெரியுதா பார்க்கலாம் என்றாள்.

வலப்பக்கம் பாருங்க என்று எழிலின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. கீழே புழல் ஏரி வெயிலில் தகதகத்தது. இந்தப் பக்கம் வீடுகள், வீடுகள், எல்லாம் ஒரே சாம்பல், ஒன்றுக்கும் முகமில்லை. முனியம்மாவின் கண் இங்கும் அங்கும் ஓடியது. அப்புறம் ஓர் இடத்தில் நின்றது.

சாம்பலுக்கு நடுவில் ஒரு தெரு சிவப்பாக இருந்தது.

பூட்டின வீட்டு முன்னால் நின்று வேம்புலியம்மாள் திகைத்தது கொஞ்ச நேரம்தானாம். அப்புறம் வீடு வீடாக ஓடியிருக்கிறாள். அவள் மாடியில் விரிக்க முடியாவிட்டால் போகட்டும், அவரவர் மாடியில் விரியுங்கள், தெருவாவது தெரியட்டும் என்று சொல்லியிருக்கிறாள். மன்றத்துப் புடவைகள் அத்தனையும் பீரோவிலிருந்து மாடிக்கு ஏறிவிட்டன. இரண்டு சாரியிலும், தொட்டி மேலும், கைப்பிடிச் சுவர் மேலும் சிவப்பு.

"எது நம்ம ஊடுன்னு தெரிலியேம்மா" என்றாள் பானு. எல்லாம் ஒன்று போலச் சிவந்து கிடந்தன.

முனியம்மா விரலைக் கண்ணாடியில் வைத்தாள். அத்தனை சிவப்புக்கும் நடுவில், பல் விழுந்த இடம் மாதிரி, ஒரே ஒரு மாடி வெறுமையாக இருந்தது. துணியில்லை, ஒன்றுமில்லை. அவள் கலவைச் சட்டி தூக்கிப் போட்ட தளம், அப்படியே, நான்கு மூலையும் தெரிய.

"அதோ, ஒண்ணுமே இல்லாத கீது பாரு. அதான்டி. நம்ம ஊடு." அப்புறம், "பெருசாத்தான் கட்டிகீறேன்" என்றாள்.

இறக்கை வந்து மறைத்துவிட்டது. அவள் மட்டும் விரலை எடுக்கவில்லை. பானு அம்மாவின் தோளில் சாய்ந்து, அன்னைக்கி எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், தப்புதான் என்றாள். இந்தத் தடவை தேய்ப்பதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை. முனியம்மா காதைக் காட்டினாள்.

"இப்ப எவ்ளோ? கிட்ட வந்து சொல்லு."

பானு அவள் காதோடு சொன்னாள். முனியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திருப்பதியில் இறங்கி, மலை இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. இவ்வளவு தூரம் வந்து சாமியைப் பார்க்காமலா என்று பானு கேட்டாள். அவர் எங்கேயும் போய்விட மாட்டார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வரலாம் என்றாள் முனியம்மா. எழில் வந்து இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். தும்பி வரைந்த வால் ஹைதராபாத் பக்கம் போய்ப் புள்ளியாகிற வரை அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பஸ் ஏறினார்கள். துலுக்கானம் சொன்னது சரிதான், பஸ் நல்ல வேகம்.

தெருவில் யாரும் புடவையை எடுத்திருக்கவில்லை. வேம்புலியம்மாள் ஓடி வந்து, உன் மாடியில் மட்டும் போட முடியவில்லையே, வீடு தெரியாமல் போயிருக்குமே என்று கையைப் பிசைந்தாள்.

"நீங்கல்லாம் விரிச்சதாலதான் என் ஊடு எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் முனியம்மா. வேம்புலியம்மாளுக்கு அது விளங்கவே இல்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனாள். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள் முனியம்மா. பானுவுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. முனியம்மா உலை வைத்து, காரக்குழம்பை ஏற்றி, அப்பளம் பொரித்தாள். துலுக்கானம் டியூட்டி முடிந்து வந்ததும் மூன்று தட்டு போட்டாள். பானு மூன்றாவது தட்டைப் பார்த்தாள். முனியம்மா தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள், மறுபடியும் போட்டுக்கொண்டாள். எத்தனை கரண்டி என்று பானு பார்க்கவில்லை. குழம்புக் கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தாள்.